பன்னிரண்டு சப்பரங்களின் இரவு

தாமிரபரணிக்கு மேற்கே திருநெல்வேலியும் கிழக்கே பாளையங்கோட்டையும் இரட்டை நகரங்கள் என்று பெயர் பெற்றிருந்தாலும், இரவைக் கழிக்கும் விதத்தில் இரண்டும் ஒன்றல்ல. டவுன் கடைத்தெரு வெகுநேரம் விழித்திருக்கும் வேளையில், பள்ளிகளும் கல்லூரிகளும் விடுதிகளும் நிறைந்த பாளையங்கோட்டை, நாளைக்குப் பரீட்சை இருக்கும் பிள்ளையைப்போல நேரத்தோடு விளக்கணைத்துப் படுத்துவிடும். இந்த ஒழுங்கு ஆண்டுக்கொருமுறை, மகாளய அமாவாசையில் தொடங்கி விஜயதசமியையும் அதற்கடுத்த இரவையும் கடந்து, தசரா என்ற பெயரில் குலைகிறது. மைசூருக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் அடுத்தபடியாகத் தசராவுக்குப் பேர்போனது பாளையங்கோட்டைதான் என்று ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. அந்த வரிசை எப்படியாயினும், இரவு முழுவதும் தெருவையே ஆடுகளமாக்கும் கலை இவ்வூருக்குக் கைவந்தது என்பதில் ஐயமில்லை.

உலகின் பெருநகரங்களில் இரவு முழுவதும் ஆடுவதற்கென்று தனி அரங்குகள் உண்டு. அவற்றில் ஒலிக்கும் இசை வகைகளுள் ‘ஹவுஸ்’ என்பது பலரும் அறிந்த ஒன்று. பாளையங்கோட்டையில் அப்படிப்பட்ட அரங்கு எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் அதைத் தேடுவோர் சென்னையின் நட்சத்திர விடுதிகளுக்குத்தான் போகவேண்டும். அங்கேயும் வரலாறு ஒரு வேடிக்கையைச் செய்திருக்கிறது. ‘பாஷா’ என்ற ஆட்ட அரங்கைக் கொண்ட தி பார்க் ஓட்டல் நிற்கும் மனை, பிரம்மாண்டமான முரசு நடனத்தால் இன்றும் பேசப்படும் ‘சந்திரலேகா’வை 1948-இல் வெளியிட்ட எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடம். முரசும் ஆட்டமும் அந்த மண்ணை விட்டுப் போக மனமில்லாமல் உருமாறி நிற்பதாக எண்ணிக்கொள்வது வரலாற்றாசிரியருக்கு அழகில்லை என்றாலும், எண்ணாமல் இருக்க முடிவதில்லை. இக்கட்டுரை அந்த மூடிய அரங்கை விட்டுவிட்டு, அதற்கு உறவுமுறையான ஒரு திறந்தவெளி இரவைத் தேடிப் பாளையங்கோட்டைக்குச் செல்கிறது. ஹவுஸ் இசையின் கதையை அந்த இரவைப் பார்க்கப் பிடித்த விளக்காக மட்டும் பயன்படுத்திக்கொள்கிறது.

மேற்கிலிருந்து வருபவர் சுலோச்சன முதலியார் பாலத்தின்மீதுதான் ஆற்றைக் கடக்கிறார். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்து, 1843-இல் திறக்கப்பட்ட பதினோரு வளைவுகள் கொண்ட பாலம் அது. அதைத் தாண்டினால் வண்ணார்பேட்டை, பிறகு முருகன்குறிச்சி, அதன்பின் மார்க்கெட் என்று பாளையங்கோட்டை படிப்படியாக விரிகிறது. இவ்வூருக்குத் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்ற பட்டம் உண்டு; 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியும், பெண்கல்விக்குப் பெயர்பெற்ற சாரா டக்கர் கல்லூரியும் அந்தப் பட்டத்தைச் சுமக்கும் தூண்கள். பார்வையற்றோருக்கான பள்ளியும், ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையாரின் பெயரால் வழங்கும் காதுகேளாதோர் பள்ளியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கு வேர்விட்டவை. ஆட்டத்தைப் பற்றிய கட்டுரையில் காதுகேளாதோர் பள்ளிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றலாம். மனிதக் காது ஏறத்தாழ நொடிக்கு 20 அதிர்வுகளிலிருந்துதான் ஒலியை உணரத் தொடங்குகிறது. அந்த எல்லைக்குச் சற்று மேலே, நொடிக்கு 50 முதல் 100 வரையிலான அதிர்வுகளில் விழும் கனத்த அடியைக் காது கேட்பதற்கு நிகராக நெஞ்சுக்கூடும் வயிறும் உள்ளங்காலும் வாங்கிக்கொள்கின்றன. மைக்செட்காரர்கள் ‘பேஸ்’ என்று சொல்லும் அந்த அடிதான் ஆட்டத்தின் உயிர்நிலை. காது கேளாதவரும் அதைத் தம் உடம்பால் அறிய முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இனி வரும் இரவைப் புரிந்துகொள்வது எளிதாகும்.

தசராவின் நாயகியர் அம்மன்கள். ஆயிரத்தம்மன், பேராத்துச்செல்வி, தூத்துவாரியம்மன், முத்தாரம்மன், உச்சினிமாகாளி, உலகம்மன் என்று நீளும் வரிசையில் ஒரே பெயர் திசையாலும் தெருவாலும் சமூகத்தாலும் பிரிந்து வடக்கு முத்தாரம்மன், யாதவர் உச்சினிமாகாளி, விஸ்வகர்மா உச்சினிமாகாளி என்று பல கோயில்களுக்கு உரியதாகிறது. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு சப்பரம் உண்டு. சப்பரம் என்பது தேரைப்போலக் கோபுர உச்சி கொண்டு, ஆனால் தேரைவிட எடை குறைந்து, சாமியை வீதியுலாக் கொண்டுசெல்லப் பயன்படும் அலங்கார ஊர்தி. ஒரு காலத்தில் தோளில் சுமக்கப்பட்டது இன்று பெரும்பாலும் டிராக்டரின் பின்னே உருள்கிறது. அதற்கும் பின்னே, சீரியல் விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டர் தன் பங்குக்கு உறுமிக்கொண்டு வருகிறது. ஊரின் எட்டு ரத வீதிகளையும் சுற்றி வரும் இத்தகைய பன்னிரண்டு சப்பரங்கள் ஓரிடத்தில் அணிவகுத்து நிற்பதைக் காணத்தான் விஜயதசமியை ஒட்டிய இரவில் கூட்டம் திரள்கிறது.

சப்பரத்தைப் பார்க்க வந்தவர்கள் சப்பரத்தின் முகப்பில் நிற்கிறார்கள். ஆட வந்தவர்கள் அதற்கும் முன்னால், மேளத்தைச் சூழ்ந்து நிற்கிறார்கள். இந்த இடைவெளியைத்தான் ஆட்டக்களம் என்று சொல்லவேண்டும். அதற்குச் சுவர் கிடையாது, சப்பரம் நகர நகரக் களமும் நகர்கிறது. முன்னால் போவது பெரும்பாலும் நையாண்டி மேளம். கோயிலுக்குள் கச்சேரி முறையில் வாசிக்கப்படும் நாதஸ்வரமும் தவிலும் தெருவுக்கு இறங்கி, பம்பையையும் தமுக்கையும் தாளத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, கேட்பவரைச் சீண்டும் குணத்தோடு ஒலிப்பதே நையாண்டி மேளம். கரகாட்டத்துக்கும் பிற ஆட்டங்களுக்கும் பின்னணியாக நின்ற இந்த மேளத்தோடு இப்போது மலையாளக் கரையிலிருந்து வந்த செண்டை மேளமும் போட்டியிடுகிறது. செண்டைக் குழுக்களின் சீருடை அழகும் வரிசை ஒழுங்கும் கைப்பேசிப் படப்பிடிப்புக்கு ஏற்றவை. ஆனால் ஆடவைக்கும் திறத்தில் நையாண்டி மேளத்தின் பக்கத்தில் அது நிற்பது கடினம். ஏனெனில் செண்டை தன் கணக்கைத் தான் முடித்துக்கொண்டு நகரும், நையாண்டித் தவில்காரரோ எதிரே ஆடும் கால்களைப் பார்த்து வாசிப்பவர்.

அந்தத் தவிலை அருகில் நின்று பார்ப்பது பயனுள்ளது. பலா மரத்தைக் குடைந்து செய்யப்பட்ட பீப்பாய் வடிவ உடம்பின் இரு வாய்களுள் வலப்புறம் வலந்தலை எனவும் இடப்புறம் தொப்பி எனவும் பெயர் பெறும். வலந்தலையை வாசிக்கும் விரல்களில் பசை தோய்ந்த துணியைச் சுற்றிக் காயவைத்துச் செய்த ‘கூடு’ எனப்படும் உறைகள் மாட்டப்பட்டிருக்கும்; கல்லில் கல் மோதியதுபோன்ற கணீரென்ற ஒலி அவற்றால்தான் பிறக்கிறது. தொப்பியை அடிப்பது இடக்கையில் பிடித்த குட்டையான கோல். கச்சேரி மேடையில் விரல் வேகத்துக்கே கைதட்டல் கிடைக்கிறது. ஆட்டக் களத்தில் நிலைமை தலைகீழ்: வலக்கை எத்தனை சொற்கட்டுகளைப் பொழிந்தாலும் ஆடுபவர்களின் குதிகால் தொப்பியின் கனத்த அடிக்கே தரையில் இறங்குகிறது. நடுவே தவில்காரர் ஓரிரு அடிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டு, பம்பையை மட்டும் ஓடவிட்டு, கூட்டத்தின் கால்கள் அந்தரத்தில் தவிக்கும் கணத்தில் தொப்பியில் ஓங்கி அடிப்பார். அந்த அடியில் எழும் கூச்சலைக் கேட்டவர்களுக்கு அவர் புன்னகையின் பொருள் விளங்கும்.

அடியை நிறுத்திவைத்துத் திரும்பக் கொடுக்கும் இதே உத்தியின்மீதுதான் ஹவுஸ் இசையும் எழுந்தது. அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஜெஃபர்சன் தெருவின் 206-ஆம் எண் கட்டடத்தில், ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் 1977-இல் ‘வேர்ஹவுஸ்’ என்ற ஆட்ட அரங்கைத் தொடங்கி, நியூயார்க்கிலிருந்து ஃபிராங்கி நக்கில்ஸ் (1955–2014) என்ற இளைஞரை இசைத்தட்டுகள் சுழற்ற அழைத்துவந்தார். பண்டகசாலை என்று பொருள்படும் அந்த அரங்கின் பெயரில் பின்பாதியே ‘ஹவுஸ்’ என்று இசைக்குப் பெயராயிற்று என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. அங்கே கூடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள், லத்தீன் அமெரிக்க வழியினர், தன்பாலின ஈர்ப்புக் காரணமாக வேறிடங்களில் இழிவுக்கு ஆளானவர்கள். மது விற்கப்படாத அந்தக் கூடத்தில் சனிக்கிழமை இரவு தொடங்கும் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பகலைத் தொட்டு முடியும். 1979 ஜூலை 12 அன்று, அதே நகரின் பேஸ்பால் மைதானத்தில், அவர்கள் விரும்பிய டிஸ்கோ இசையின் தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்க்கும் கேளிக்கை ஒன்று ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நடந்தது. அதன் பிறகும் அந்த இசை சாகவில்லை. இசைக்குழுவை வைத்துப் பதிவுசெய்யப் பணமில்லாத இளைஞர்கள் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த டிஆர்-808, டிஆர்-909 போன்ற தாள இயந்திரங்களைக் கொண்டு வீட்டிலேயே அதன் எலும்புக்கூட்டை மறுபடியும் கட்டினார்கள். ஜெஸ்ஸி சாண்டர்ஸ் 1984-இல் வெளியிட்ட ‘ஆன் அண்ட் ஆன்’ முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலரும் கணக்கிடுகிறார்கள்.

அதன் தாளக் கட்டு மிக எளிது. கர்நாடக இசையின் சொல்லில் சதுரஸ்ர நடை என்று சொல்லத்தக்க நான்கு அடிகளிலும் கனத்த முரசொலி தவறாமல் விழும். இரண்டிலும் நான்கிலும் கைதட்டு ஒலி சேரும். இடைவெளிகளில் தாளத்தட்டின் ‘ச்’ என்ற சிற்றொலி நிரம்பும். வேகம் நிமிடத்துக்கு 120 அடிகள் அல்லது அதற்குச் சற்று மேல். அதாவது எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடும் ஓர் இரவில் ஒரே அடி 57,600 முறை விழுகிறது. டிஜே என்று அழைக்கப்படும் இசைத்தட்டுக் கலைஞர், ஒரு பாடல் முடியுமுன்பே அடுத்ததன் அடியை அதனோடு பொருத்தி, தையல் தெரியாமல் இணைப்பதால் ஆடுபவருக்கு நிற்பதற்குச் சாக்கே கிடைப்பதில்லை.

இவ்விசையின் கருவிகள் இந்தியாவுக்குள் நுழைந்த கதையில் ஒரு தனிமனிதர் உண்டு. பம்பாய்த் திரைப்படக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், டிஆர்-808 தாள இயந்திரத்தையும் டிபி-303 என்ற மின்னணு பேஸ் கருவியையும் இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அது யாராலும் சீந்தப்படாமல் கிடந்தது. 2010-இல் மறுவெளியீடு கண்டபோது, சிகாகோக்காரர்கள் பின்னால் கண்டடைந்த ‘ஆசிட் ஹவுஸ்’ ஒலியை இவர் முன்னதாகவே தொட்டுவிட்டார் என்று மேலைநாட்டு ரசிகர்கள் வியந்தார்கள். அவர் ஆட்டப் புரட்சி எதையும் நாடியவரல்லர், ராகத்தைப் புதுக்கருவியில் வாசித்துப் பார்த்தவர் மட்டுமே. ஆயினும் மாறாமல் நிற்கும் சுருதியும் திரும்பத் திரும்ப வரும் தாளமும் இந்நாட்டுக் காதுக்குப் புதியன அல்ல என்பதை அந்தத் தட்டு காட்டிவிடுகிறது.

பாளையங்கோட்டைத் தசராவின் ஆட்டம் கொண்டாட்ட வகையைச் சேர்ந்தது. அதன் ஆழமான உறவை அறிய விரும்புபவர் நகரை விட்டு வெளியேறி, தாமிரபரணிக் கரையூர்களில் நடக்கும் கோயில் கொடைகளுக்குச் செல்லவேண்டும். கொடை என்பது சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன் முதலிய நாட்டார் தெய்வங்களுக்கு, பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளிக் கிழமையை மையமாக வைத்து எடுக்கப்படும் விழா. குடியழைப்பு, உச்சிக்கொடை, சாமக்கொடை என்று அதன் பகுதிகள் பொழுதால் பெயர்பெறுகின்றன. நள்ளிரவுக்குரிய சாமக்கொடையே அதன் உச்சம். அதற்கான செலவைக் கோயிலுக்குரிய குடும்பங்கள் ‘வரி’ பிரித்துத் திரட்டுகின்றன. அரங்கின் வாசலில் நுழைவுச்சீட்டுக் கிழிப்பதற்கு ஈடாக இங்கே வரி நோட்டில் பெயர் ஏறுகிறது. வெளியூரில் வேலைக்குப் போனவரும் வரியை மட்டும் தவறாமல் அனுப்பிவிடுவார், ஏனென்றால் வரி கொடாதவருக்கு அந்த இரவில் உரிமை கிடையாது.

கொடையின் ஒலியுலகில் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் உண்டு என்றாலும், சுடலைக்கு உகந்ததாகக் கருதப்படுவது கணியான் கூத்து. மகுடாட்டம் என்றும் அழைக்கப்படும் இதை நிகழ்த்துபவர்கள், அரசின் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெறும் கணியான் சமூகத்தினர். குழுவின் தலைவரான அண்ணாவி கதையைப் பாட, பின்பாட்டுக்காரர் ஏந்திப் பாடுகிறார். ஒருவர் தாளம் தட்டுகிறார். இருவர் மகுடம் வாசிக்கிறார்கள். ஆண்களே இருவர் புடவை கட்டிப் பூ வைத்து, காலில் சலங்கையோடு ஆடுகிறார்கள். மகுடம் என்பது வட்டமான மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய கைக்கருவி. பறையை ஒத்த தோற்றம் கொண்டதாயினும் குச்சியின்றி வெறுங்கையால் அடிக்கப்படுவது. இரண்டில் ஒன்று உச்ச ஒலியும் மற்றொன்று மந்த ஒலியும் தரவேண்டும் என்பதால், உச்ச மகுடத்தை அவ்வப்போது நெருப்பருகே காட்டித் தோலை விறைப்பாக்குகிறார்கள். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே பேஸையும் உச்ச ஒலியையும் இரண்டு கைகளுக்குப் பிரித்துக் கொடுத்த ஏற்பாடு இது. ஒருவர் சோர்ந்தால் மற்றவர் அடியைப் பிடித்துக்கொள்வதால் தொடர்ச்சி அறுவதில்லை.

முன்னிரவில் கூத்து நிதானமாகத்தான் போகிறது. அண்ணாவி கதையை விரித்துப் பாடுகிறார், இடையிடையே உள்ளூர்ப் பெரியவர்களைக் கிண்டல் செய்கிறார், சிறுவர்கள் மணலில் தூங்கிப்போகிறார்கள், கூட்டம் சுக்குக் காப்பிக்கு எழுந்துபோய் வருகிறது. சாமம் நெருங்கும்போது எல்லாம் மாறுகிறது. கோமரத்தாடி, அதாவது தெய்வத்தின் அருளைத் தன் உடம்பில் ஏற்று ஆடுபவர், நீராடி வந்து பீடத்தின் முன் நிற்கிறார். அண்ணாவியின் கண் அதற்குமேல் கூட்டத்தைப் பார்ப்பதில்லை. அந்த ஒரு மனிதரின் தோளையும் முழங்காலையும் மட்டுமே பார்க்கிறது. தோளில் முதல் நடுக்கம் தெரியும்போது மகுடத்தின் வேகம் ஏறுகிறது. நடுக்கம் தணிந்தால் பாட்டு பழைய அடிக்கே திரும்பி, தெய்வத்தின் பெயர்களை அடுக்கி, மறுபடி முயல்கிறது. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ அவர் வாய்விட்டு முழங்கித் துள்ளியெழும் கணத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து குலவை எழுகிறது. நாக்கைச் சுழற்றிப் பெண்கள் சேர்ந்தெழுப்பும் அந்த நீண்ட கூர்மையான ஒலி, மகுடமோ பம்பையோ எட்ட முடியாத உயரத்தில் நிற்கிறது. தசரா வீதியில் ஆண்பிள்ளைகள் ஆடும்போது ஓரமாக நிறுத்தப்படும் பெண்கள், இங்கே இரவின் திருப்புமுனையைத் தங்கள் தொண்டையால் அறிவிப்பதைக் கவனிக்காமல் கொடையை எழுதுவது முறையாகாது. அருள் வந்தால் அவர்களும் களத்தில் இறங்கி ஆடலாம், அப்போது எந்த அண்ணனும் தம்பியும் கையைப் பிடித்து இழுப்பதில்லை.

ஹவுஸ் அரங்குக்கும் கொடைக்கும் இடையிலான முக்கியமான வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. ஹவுஸ் இசையில் வேகம் பெரிதாக மாறுவதில்லை. அதே 120 அடியின்மீது ஒலிகளை ஒவ்வொன்றாக ஏற்றியும் இறக்கியும் இரவை நடத்துகிறார் டிஜே. ஆடுபவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அவரால் இசை மாறிவிடாது. கொடையில் வேகம் ஓர் உடம்பை நோக்கி ஏறிப்போகிறது. அந்த உடம்பு ஏற்றுக்கொண்டால்தான் இரவு மேற்கொண்டு நகரும், இல்லையேல் ஊரே காத்திருக்கும். டிஜே கூட்டத்தின் சராசரியைப் படிப்பவர்; அண்ணாவி ஒரே ஒருவரின் நரம்பைப் படிப்பவர். இரண்டில் எது கடினம் என்று கேட்டால், இக்கட்டுரையின் சாய்வு அண்ணாவியின் பக்கம்தான், ஏனெனில் அவருக்குத் தப்பிக்க அடுத்த இசைத்தட்டு கிடையாது.

இன்னொரு வேறுபாடு இத்தனை இனிமையானதன்று. சிகாகோவில் ஒதுக்கப்பட்டவர்கள் ஒரு கதவை அடைத்துக்கொண்டு தங்களுக்காக ஆடினார்கள். தாமிரபரணிக் கரையில் ஒதுக்கப்பட்டவர் களத்தின் நடுவில் நிற்கிறார். ஆனால் ஆடுவது பிறருக்காக. கணியான் இல்லாமல் சுடலைக் கொடை நிறைவடையாது என்று நம்பும் பல ஊர்களில், அவர் தம் கையைக் கீறி இரத்தம் சிந்தும் ‘கைவெட்டு’ச் சடங்கும் எதிர்பார்க்கப்படுகிறது. சுடலை மயான வேட்டைக்குச் செல்லும் நேரத்தில் காப்புக் கட்டிய கணியானுக்கு அத்தனை இன்றியமையாமை உண்டு. விடிந்தபின் அதே மனிதர் வரி நோட்டில் பெயரில்லாத கூலிக்காரர். புடவை கட்டி ஆடிய கலைஞரின் நிலை அதனினும் மெலிந்தது: இரவில் அவர் அசைவுக்குச் சீட்டியடித்தவர்களே பகலில் அந்த அசைவைக் கேலிப்பொருளாக்குகிறார்கள். குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் தசராவில், விரதமிருந்து மாலையணிந்து காளியாகவும் குறத்தியாகவும் வேடமிட்டு வரும் ஆண்களை ஊரே காணிக்கை கொடுத்து வணங்குகிறது. வேடத்துக்குக் கிடைக்கும் வணக்கம் வாழ்வுக்குக் கிடைக்காமல் போவதைத் திருநங்கையர் பலர் எழுதியும் பேசியும் வந்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் ஆய்வுப் பொருளாக்கிய ஊரும் பாளையங்கோட்டையே. மார்க்சியச் சிந்தனையாளரான நா. வானமாமலை (1917–1980) இங்கே தங்கி நாட்டார் கதைப்பாடல்களைத் தொகுத்ததோடு ‘ஆராய்ச்சி’ இதழையும் நடத்தினார். தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலைத் தனித் துறையாக்கி, அதற்கென ஓர் ஆய்வு மையத்தையும் நிறுவியது. இவ்வூரில் பிறந்து இவ்வூரிலேயே 2020-இல் மறைந்த தொ. பரமசிவன், தெருவில் நடக்கும் சடங்கையும் பண்பாட்டு ஆவணமாகப் படிக்கத் தமிழ் வாசகர்களைப் பழக்கினார். பகலில் வகுப்பறையில் மகுடத்தைப் பற்றிக் குறிப்பெடுக்கும் மாணவரே இரவில் தம் ஊர்க் கொடையில் அதற்கு ஆடுபவராகவும் இருப்பது இந்தத் துறைக்கு வாய்த்த நற்பேறு.

இரவை அளக்கும் அதிகாரம் இன்று சாமத்திடமிருந்து சட்டத்தின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வு தர மாநில அரசுக்கு இடமளிக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்கு அவை வகுத்த இரவு வரம்பு 45 டெசிபல். அடுத்த தெருவில் நிற்கும் ஜெனரேட்டரே அதைத் தாண்டிவிடும் என்பது வேறு கதை. கொடையையொட்டி நடத்தப்படும் ‘ஆடல் பாடல்’ நிகழ்ச்சிகளுக்குக் காவல்துறை அனுமதி மறுக்க, விழாக்குழுவினர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை நாடி, ஆபாசம் கூடாது, இரட்டைப் பொருள் பாடல் கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி பெற்று வருவதும் வழக்கமாகிவிட்டது. பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்களை வண்டியில் அடுக்கித் திரைப்பாடலின் பேஸை மட்டும் உப்பவைத்து ஓட்டும் இளைஞர்களைப் பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். அந்தப் பாக்ஸிலிருந்து வருவது இயந்திரம் அடித்த நான்கு அடிதான். சிகாகோவின் பண்டகசாலையிலிருந்து பம்பாய், கோடம்பாக்கம் வழியாகச் சுற்றிவளைத்து எட்டு ரத வீதிக்கு வந்து சேர்ந்த அடி அது. ஆடும் பையன்களுக்கு அதன் பூர்வீகம் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. தவிலின் தொப்பிக்கு இறங்கிய அதே குதிகாலைத்தான் அவர்கள் இதற்கும் இறக்குகிறார்கள். குறை என்று சொல்வதானால், பாக்ஸுக்கு எதிரே யார் ஆடுகிறார்கள் என்று தெரியாது என்பதைத்தான் சொல்லவேண்டும்.

தசராவின் கடைசி இரவில் சப்பரங்கள் சமாதானபுரத்தை அடுத்த எருமைக்கிடா மைதானத்தை நோக்கித் திரும்புகின்றன. எருமைத் தலையோடு வரும் மகிஷாசுரனை அம்மன் வதைக்கும் சூரசம்ஹாரம் அங்கே நடக்கவேண்டும் என்பதால், மைதானத்தின் பெயரே அதற்குச் சான்றாக நிற்கிறது. அசுரன் முன்னும் பின்னுமாக ஓடிக் காட்டும் போக்கில் மேளங்கள் ஒன்றையொன்று விஞ்சப் பார்க்கின்றன. பன்னிரண்டு சப்பரங்களின் மேளமும் ஒரே மைதானத்தில் தத்தம் வேகத்தில் முழங்கும்போது, நடுவே நிற்பவருக்கு எந்த அடிக்கு ஆடுவது என்றே தெரியாமல் போகிறது. ஆடுபவர்கள் அதற்கொரு வழி வைத்திருக்கிறார்கள்: தங்கள் தெரு மேளத்தின் பின்னால் முதுகோடு முதுகு ஒட்டி நெருங்கிக்கொண்டு, மற்ற ஒலிகளை உடம்புகளாலேயே மறைத்துக்கொள்கிறார்கள். சம்ஹாரம் முடிந்ததும் கூட்டம் சட்டென்று வடிகிறது. பட்டாசுப் புகை மட்டும் விளக்கொளியில் தேங்கி நிற்கிறது.

அதன்பின் சப்பரங்கள் தத்தம் கோயிலுக்குத் திரும்பும் நேரத்தில் வாசிப்பு தளர்ந்து, ஆட இரண்டு மூன்று பேர் மட்டுமே மிஞ்சுகிறார்கள். அவர்களுக்காகவும் தவில்காரர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டு வருகிறார். கோயில் வாசலில் தீபாராதனை ஆனதும் அவர் திண்ணையில் அமர்ந்து, ஒவ்வொரு விரலாகக் கூட்டைக் கழற்றி ஒரு சிறு டப்பாவில் எண்ணிப் போட்டுக்கொள்கிறார். வெளுத்துச் சுருங்கிய விரல்நுனிகளைச் சூடான காப்பித் தம்ளரைச் சுற்றி வைத்தபடி, அடுத்த வாரம் எந்த ஊர் என்று நாதஸ்வரக்காரரிடம் கேட்கிறார். தெருமுனையில் மைக்செட் பையன் ஏணிமீது நின்று டியூப் லைட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுக்க, கீழே நிற்பவன் அவற்றைச் சாக்கில் சுற்றி டிராக்டரில் அடுக்குகிறான். துப்புரவுப் பணியாளர்களின் விளக்குமாறு, உதிர்ந்த செவ்வந்தியையும் அறுந்த செருப்புகளையும் ரத வீதியின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது.